மேலே போன மின்சாரம் எந்த வழியாகத் திரும்பியது?

மின்வாரியத்தில் லைன் வேலை பார்த்துப் பழகியவனுக்கு எந்த மின்சாரத்தைப் பற்றிக் கேட்டாலும் ஒரே சந்தேகம்தான்: போனது எந்த வழியாகத் திரும்புகிறது? துருவ ஒளி விஷயத்தில் அந்தச் சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்தவர் நார்வேக்காரர் கிறிஸ்டியன் பிர்க்கலாண்ட்.

வானில் ஒளி ஆடும்போது திசைகாட்டி முள்ளும் ஆடுவதை 1741இலேயே ஸ்வீடனின் உப்சாலாவில் செல்சியசும் ஹியோர்ட்டரும் கண்டிருந்தார்கள். 1859 செப்டம்பரில் பாஸ்டன், போர்ட்லாண்ட் தந்திக்காரர்கள் பேட்டரியைக் கழற்றிவிட்டு, துருவ ஒளியோடு சேர்ந்து கம்பியில் தானாக ஓடிய மின்சாரத்திலேயே செய்தி அனுப்பினார்கள். (எங்கள் லைனில் அப்படி ஓடியிருந்தால் மெமோதான் வந்திருக்கும்!)

பிர்க்கலாண்ட் 1899இல் வட நார்வேயின் ஹால்டே மலையுச்சியில், சுமார் 900 மீட்டர் உயரத்தில், பனிப்புயலுக்கு நடுவே ஆய்வுநிலையம் கட்டினார். 1902-03இல் நார்வே, ஐஸ்லாந்து, ஸ்பிட்ஸ்பெர்கன், நோவயா செம்ல்யா என நான்கு இடங்களில் காந்தமானிகளை வைத்தார். அளவுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னது இது: மின்னோட்டம் விண்வெளியிலிருந்து காந்தக் கோடு வழியே இறங்குகிறது, ஒளிப்பட்டையை ஒட்டிக் கிடையாக ஓடுகிறது, மறுபடி மேலே ஏறிவிடுகிறது.

பெரும்பாலோர் ஏற்கவில்லை. விஞ்ஞானி சிட்னி சாப்மன் வளிமண்டலத்தின் மேலடுக்குக்குள்ளேயே சுற்றி முடியும் மின்னோட்டம் போதும் என்றார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். தரையில் மட்டும் மீட்டர் வைத்தால் இரண்டு பாதைக்கும் ஒரே அளவுதான் காட்டும். மேலே போய்ப் பார்க்காமல் தீராத வழக்கு அது. பிர்க்கலாண்ட் 1917இல் டோக்கியோவில் இறந்துபோனார்.

1963இல் ஏவிய அமெரிக்கக் கடற்படைச் செயற்கைக்கோள் ஒன்று துருவ ஒளிப் பகுதியைக் கடக்கும்போதெல்லாம் காந்தப்புலம் பக்கவாட்டில் குலுங்கியது. முதலில் அதை அலை என்றார்கள். 1967இல் கம்மிங்ஸ், டெஸ்லர் இருவரும் அது காந்தக் கோடு வழியே ஓடும் மின்னோட்டம் என்று சொன்னார்கள். 1976இல் இஜிமாவும் பொட்டெம்ராவும் முழு வரைபடமே போட்டார்கள்: துருவத்தைச் சுற்றி இரண்டு வளையங்கள். துருவத்தை ஒட்டிய வளையத்தில் மின்னோட்டம் காலைப் பக்கம் இறங்கி மாலைப் பக்கம் ஏறுகிறது. வெளி வளையத்தில் நேர்மாறு.

ஒளியின் வகையும் இதோடு சேர்ந்ததுதான். பளிச்சென்ற வில்லில் எலக்ட்ரான்கள் வேகமாக இறங்குகின்றன. அவை எதிர்மின் துகள்கள் என்பதால் மின்னோட்டம் மேல்நோக்கி. ஒளிக்கு நடுவே தெரியும் இருட்டுத் திட்டுகளுக்குக் கறுப்பு அரோரா (கறுப்புத் துருவ ஒளி) என்று பெயர். அங்கே எலக்ட்ரான்கள் மேலே தப்ப, மின்னோட்டம் கீழ்நோக்கி. மங்கலாகப் பரவும் ஒளியில் மின்னோட்டம் பலவீனம்.

இப்படிக் காந்தக் கோடு வழியே ஏறி இறங்கும் மின்னோட்டங்களுக்கு இன்று பிர்க்கலாண்ட் மின்னோட்டங்கள் என்றே பெயர். 1994இல் நார்வே தன் 200 குரோனர் நோட்டில் அவர் முகத்தை அச்சிட்டது.