கல்லிலும் செம்பிலும்: தீவகச் சாசனமும் சுவடி காப்போர் பணியும்

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்ச் சாசனம் பொலனறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஆணையாகும். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையிலே வந்து தங்குதல் வேண்டும், அவர்க்குக் காவல் அளித்தல் வேண்டும் என அது விதிக்கின்றது. யானையும் குதிரையும் கொணரும் மரக்கலம் உடையுமாயின் நாலிலொரு பங்கையே பண்டாரம் கொள்ளும். ஏனைய பண்டம் ஏற்றிய கலமாயின் சரிபாதியைக் கொள்ளும். மன்னனின் குதிரை விருப்பு சட்டமாகவே வெளிப்பட்டிருத்தல் சுவைமிக்கது. இவ்வேற்பாடு கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பட்டதாகச் சாசனமே கூறி முடிகின்றது.

ஒன்றை இருவகைப் பொருளில் எழுதி வைத்த அச்செயலிலே சுவடி காப்போரின் அடிப்படை நெறி ஒன்று அடங்கியுள்ளது. செம்பு உருக்கத்தக்கது, அச்செப்பேடு கிடைத்திலது. கல்லும் முழுமையாக எஞ்சவில்லை. அதன் முற்பகுதி சிதைந்துவிட்டது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படியில்லாத ஏடுகள் அவற்றோடு போயின.

நயினாதீவுச் சாசனத்தைக் கா. இந்திரபாலா 1963 இல் ஆராய்ந்து வெளியிட்டார். இத்தகைய பணிக்குப் பன்னிரண்டாம் நூற்றாண்டின் தமிழெழுத்தோடு கிரந்தமும் தெரிந்திருத்தல் வேண்டும். மைப்படி எடுக்கும் கைத்திறனும் வேண்டும். அவற்றினும் அரியது அடக்கம். சிதைந்த எழுத்தை ஊகத்தால் நிரப்புவோர் அதனை ஊகமென்று குறித்துவைக்கத் தவறின், பின்வருவோர் ஊகத்தையே சான்றாகக் கொள்வர்.

இடப்பெயர் அறிவும் இன்றியமையாதது. சாசனத்தின் ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை. 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தரோ தீவுகளுக்குத் தம் நாட்டு ஊர்ப்பெயர்களைச் சூட்டினர்: நயினாதீவு ஹார்லெம், வேலணைத்தீவு லெய்டன், நெடுந்தீவு டெல்வ்ற். இவற்றுள் இறுதிப்பெயரே இன்றும் வழங்குகின்றது. ஆகவே கொழும்பிலும் ஹேக் நகரிலுமுள்ள ஒல்லாந்த ஆவணங்களில் நயினாதீவைத் தேடுவோர் அப்பெயரை மட்டும் நம்பித் தேடின் வெறுங்கையோடு மீள நேரும். பட்டியல் வகுப்போர் ஒவ்வோர் ஊருக்கும் வழங்கிய பெயர்கள் அனைத்தையும் ஒருங்கே பதிதல் வேண்டும்.

ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனில் 1913 இல் பிறந்த தனிநாயகம் அடிகள் தொழிலாற் சுவடி காப்பாளர் அல்லர். எனினும் ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் வல்ல அவர், அன்ரம் த புரோயென்சா தொகுத்து 1679 இல் அம்பலக்காட்டில் அச்சான தமிழ்–போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்திலே கண்டெடுத்தார். 1966 இல் அது கோலாலம்பூரில் மீண்டும் பதிப்பிக்கப்பட்டது. உரோமாபுரியில் ஓர் அடுக்கில் ஒதுங்கிக் கிடந்த நூல் பல நாட்டு நூலகங்களைச் சென்றடைந்தது.