மாநகர சபையிலிருந்து அமைச்சரவை வரை: யாழ். முஸ்லிம்களுக்கு எந்தப் படி இல்லாமல் போனது?

2024 நவம்பர் 18ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திஸாநாயக்கவின் புதிய அமைச்சரவை பதவியேற்றது. அதில் ஒரு முஸ்லிம் அமைச்சர்கூட இல்லை என்பது எமது சமூகத்தில் பெரும் பேச்சானது. "எமக்கு ஓர் அமைச்சர் வேண்டும்" என்ற குரல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களிடமிருந்தும் வந்தது. அந்தக் குரலில் நியாயம் இருக்கிறது. ஆனால் அமைச்சர் ஒருவர் எப்படி உருவாகிறார் என்ற கேள்வியை நாம் கேட்பதில்லை. என் பார்வையில், யாழ். முஸ்லிம்கள் இழந்தது அமைச்சர் பதவியை அல்ல. அதற்கு ஏறிப்போகும் முதற் படியை இழந்தார்கள். அதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

கொழும்பில் வேலை செய்த ஏணி

மர்ஹூம் எம்.எச். முஹம்மத் அவர்கள் கொழும்பு மாநகர சபை உறுப்பினராக அரசியலைத் தொடங்கியவர். பின்னர் கொழும்பு மேயரானார். 1965இல் பொரளைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்று, டட்லி சேனாநாயக்கவின் அமைச்சரவையில் தொழில் அமைச்சரானார். 1977க்குப் பின் போக்குவரத்து அமைச்சராக இருந்தார். 1989 முதல் 1994 வரை சபாநாயகராகப் பணியாற்றினார். பொரளை முஸ்லிம் பெரும்பான்மைத் தொகுதி அல்ல என்பதை இங்கு கவனிக்க வேண்டும்.

ஏ.எச்.எம். பௌஸி அவர்களும் இதே வழியில் வந்தவர். கொழும்பு மாநகர சபை, மேயர் பதவி, மேல் மாகாண சபை என்று ஏறி, 1994இல் சந்திரிகா அரசாங்கத்தில் சுகாதார அமைச்சரானார். முஸ்லிம்களுக்கு வெளியே பார்த்தால் ரணசிங்க பிரேமதாச இருக்கிறார். 1950களில் கொழும்பு மாநகர சபையில் இருந்தவர், 1968இல் உள்ளூராட்சி அமைச்சராகி, 1978இல் பிரதமராகி, 1989இல் ஜனாதிபதியானார்.

இவர்களுக்கு வழி திறந்தது வட்டார வேலைதான். வடிகான், தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், சந்தைக் கடை, வீட்டுத் திட்டம் ஆகியவற்றுக்காக எல்லாச் சமூகத்தவரும் ஒரு மாநகர சபை உறுப்பினரின் வாசலுக்கு வருவார்கள். அங்கு கிடைக்கும் நம்பிக்கைதான் பின்னர் தொகுதி வாக்காகிறது.

யாழ்ப்பாணத்தில் முதற் படி இருந்தது

யாழ்ப்பாணம் 1949இல் மாநகர சபையானது. சாம் ஏ. சபாபதி முதல் மேயர். அடுத்த சில ஆண்டுகளிலேயே, 1950களின் நடுப்பகுதியில், எம்.எம். சுல்தான் என்ற முஸ்லிம் மேயர் ஆசனத்தில் அமர்ந்தார். அன்று மேயரைச் சபை உறுப்பினர்களே தெரிவு செய்தார்கள். அந்தச் சபையில் பெரும்பான்மையினர் தமிழர்கள். அவர்களுடைய வாக்கு இல்லாமல் அவர் மேயராகியிருக்க முடியாது. இன்றைய இளைஞர்களில் எத்தனை பேருக்கு இந்தச் செய்தி தெரியும்?

ஆனால் இரண்டாம் படி யாழ்ப்பாணத்தில் எவருக்குமே இலகுவாக இருந்ததில்லை. குடாநாட்டு அரசியலிலிருந்து அமைச்சரவைக்குப் போனவர்களைப் பாருங்கள். ஜி.ஜி. பொன்னம்பலம் 1948இல் கைத்தொழில் அமைச்சரானது தமிழ்க் காங்கிரஸ் தலைவர் என்ற நிலையில். மு. திருச்செல்வம் 1965இல் செனட் சபை வழியாக உள்ளூராட்சி அமைச்சராகி, 1968இல் விலகினார். டக்ளஸ் தேவானந்தா ஆயுத இயக்கத்திலிருந்து தேர்தல் அரசியலுக்கு வந்து அமைச்சரானவர். இவர்கள் எவரும் மாநகர சபையில் ஏணி வைத்து ஏறியவர்கள் அல்லர்.

துரையப்பா எட்டிய தூரம்

அந்த ஏணியில் அதிக தூரம் ஏறியவர் அல்பிரட் துரையப்பா. மாநகர சபை அரசியலில் வளர்ந்து, 1960இல் சுயேச்சையாக நின்று பொன்னம்பலத்தையே தோற்கடித்து யாழ்ப்பாணத் தொகுதி உறுப்பினரானார். 1970 தேர்தலில் 56 வாக்குகளால் தோற்றார். பின்னர் மேயராகவும் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் யாழ். அமைப்பாளராகவும் இருந்தார். ஏழைத் தொழிலாளர்களும் யாழ்ப்பாண முஸ்லிம்களும் அவருடைய ஆதரவுத் தளத்தில் முக்கியமானவர்கள். 56 வாக்குகளில் முடிவாகும் ஒரு தொகுதியில் சோனகத் தெருவின் வாக்குக்கு என்ன பெறுமதி இருந்திருக்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஆளும் கட்சியோடு நின்றதற்காகவும், 1974 தமிழாராய்ச்சி மாநாட்டு மரணங்களுக்காகவும் தமிழ் இளைஞர்கள் அவரைக் குற்றம் சாட்டினார்கள். 1975 ஜூலை 27ஆம் திகதி பொன்னாலை வரதராஜப் பெருமாள் ஆலயத்தில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பிரபாகரன் நேரடியாக ஈடுபட்ட முதற் கொலை என்று அது அறியப்படுகிறது. கொழும்பு அரசாங்கத்தோடு சேர்ந்து யாழ்ப்பாணத்துக்கு வேலை செய்யலாம் என்று நினைத்த எவருக்கும் அது ஓர் எச்சரிக்கையானது. உள்ளூரிலிருந்து தேசிய அரசியலுக்குச் செல்லும் பாதை தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் ஒன்றாகவே அடைபட்டது.

1990: முதற் படியும் போனது

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். வடக்கு முழுவதும் ஏறத்தாழ 75,000 பேர் இப்படித் துரத்தப்பட்டார்கள். வீடு, கடை, நகை போனதை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். வாக்காளர் இடாப்பும் அதனோடு போனதைப் பற்றிப் பேசுவது குறைவு. வட்டாரம் இல்லாத சமூகத்துக்கு உறுப்பினர் இல்லை. உறுப்பினர் இல்லாத சமூகத்துக்கு அமைச்சரவை வெகு தூரம்.

சிலர் ரிஷாத் பதியுதீனை உதாரணம் காட்டுவார்கள். மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்கு வந்த இளைஞர் அவர். 2001இல் வன்னி மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் சென்று, பின்னர் மீள்குடியேற்ற அமைச்சராகவும், 2010 முதல் கைத்தொழில், வர்த்தக அமைச்சராகவும் ஆனார். அது பெரிய எழுச்சிதான். ஆனால் அவருக்கு மன்னாரில் கணிசமான முஸ்லிம் வாக்கு இருந்தது. யாழ். மாவட்டத்தில் அந்தக் கணக்கு பொருந்தாது. 2010இல் 9 ஆக இருந்த மாவட்டத்தின் ஆசனங்கள் 2024இல் 6 ஆகக் குறைந்துவிட்டன. முஸ்லிம் வாக்கை மட்டும் நம்பி அங்கு ஓர் ஆசனம் எடுக்க முடியாது. வடக்கு முஸ்லிம் ஒருவரே மீள்குடியேற்றத்துக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்தும், யாழ். முஸ்லிம்களின் காணி, வீட்டுப் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேலே அமைச்சர் இருந்தாலும் கீழே வட்டாரத்தில் ஆள் இல்லாவிட்டால் பயனாளிப் பட்டியலில் எமது பெயரைக் கேட்க எவரும் இருக்கமாட்டார்கள்.

இன்று என்ன செய்யலாம்?

2018 பெப்ரவரி 10ஆம் திகதித் தேர்தலிலிருந்து உள்ளூராட்சி சபைகளில் 60 வீதம் வட்டார முறை, 40 வீதம் விகிதாசாரம். பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடும் உண்டு. நெருக்கமாக ஒரே இடத்தில் வாழும் சிறிய சமூகத்துக்கு வட்டார முறை சாதகமானது. சோனகத் தெருவும் ஒஸ்மானியாக் கல்லூரியைச் சுற்றிய பகுதிகளும் அப்படிப்பட்டவை.

அந்தத் தேர்தலில் 45 உறுப்பினர் கொண்ட யாழ். மாநகர சபையில் முதலிடம் பெற்ற தமிழரசுக் கட்சிக்கே 16 ஆசனங்கள்தான். 2020 டிசம்பரில் வி. மணிவண்ணன் 21க்கு 20 என்று ஒரே வாக்கு வித்தியாசத்தில் மேயரானார். இப்படிப்பட்ட சபையில் ஓர் உறுப்பினர், இரண்டு உறுப்பினர் என்பது சின்ன விடயமல்ல. அந்த ஒரு வாக்கு நினைத்தால் ஒரு வீதியையும் ஒரு வடிகானையும் பேசி எடுக்க முடியும்.

தடை எங்கே இருக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்க வாக்காளர் இடாப்பே வதிவிடச் சான்று. பிள்ளை புத்தளத்தில் படிக்கும்போது தகப்பன் யாழ்ப்பாணத்தில் பதிவைக் கேட்டால் பிள்ளையின் பாடசாலை அனுமதி கேள்விக்குறியாகும். யாழ்ப்பாணத்தில் பதியாவிட்டால் வீட்டுத் திட்டத்தில் "நீங்கள் இங்கு இல்லையே" என்பார்கள். இரண்டு பக்கமும் இழப்பு உள்ள இந்த முடிவைத் தனித்தனிக் குடும்பங்களின் தலையில் போட்டுவிட்டு, "யாழ். முஸ்லிம்கள் திரும்பி வர விரும்பவில்லை" என்று எவரும் சொல்வது அநியாயம்.

ஆகவே பள்ளிவாசல் நிர்வாகங்களும் மீள்குடியேற்ற அமைப்புகளும் செய்யவேண்டிய வேலை தெளிவானது. உண்மையில் யாழ்ப்பாணத்தில் வசிக்கும், தொழில் செய்யும் குடும்பங்களின் பீ.சீ. படிவம் ஆண்டுதோறும் கிராம உத்தியோகத்தரிடம் சரியாகப் போய்ச் சேர்கிறதா என்று வீடு வீடாகப் பார்க்க வேண்டும். திரும்ப நினைப்பவர்களுக்குப் பாடசாலை, காணி இரண்டையும் சேர்த்துப் பேச வேண்டும். தேர்தல் வந்தால் சோனகத் தெருவுக்குள் நாலு கட்சிக்கு நாலு வேட்பாளரை நிறுத்தி வாக்கைச் சிதறடிக்கக் கூடாது. நிற்பவர் அயலிலுள்ள தமிழ்க் குடும்பங்களின் வாசலுக்கும் போகக்கூடியவராக இருக்க வேண்டும். சுல்தான் மேயரானதும், எம்.எச். முஹம்மத் பொரளையில் வென்றதும் பிற சமூகத்தவரின் வாக்கும் சேர்ந்துதான்.

அமைச்சரவையில் ஆசனம் கேட்பது எமது உரிமை. ஆனால் அதைக் கொழும்பில் கேட்பதற்கு முன், யாழ். மாநகர சபையின் வட்டாரத்தில் எமது பெயர்கள் இடாப்பில் இருக்கின்றனவா என்று பார்ப்போம். அடுத்த பீ.சீ. படிவம் வரும்போது அதை நிரப்பிக் கொடுப்பதிலிருந்து தொடங்கலாம், இன்ஷா அல்லாஹ்.