லென்ஸ் மவுண்டும் முதல் கேமராவும்: ஒரு வரலாற்றுப் பார்வை

லென்ஸைக் கழற்றி மாற்றும் வசதியுள்ள கேமராவை முதன்முறையாக வாங்க முற்படுவோர் பெரும்பாலும் பாடி எனப்படும் உடற்பகுதியின் திறன்களையே ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். ஆயினும், அவர்களது முடிவின் விளைவை நெடுங்காலம் தீர்மானிப்பது, பாடியும் லென்ஸும் இணையும் உலோக வளையமாகிய மவுண்ட்டே என்பதை இக்கருவியின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரிலிருந்த லைட்ஸ் நிறுவனத்தில் ஆஸ்கர் பார்னாக் உருவாக்கிய லைக்கா கேமரா, 1925இல் லைப்சிக் வணிகக் கண்காட்சியில் அறிமுகமானபோது அதன் லென்ஸ் கழற்ற முடியாததாகவே இருந்தது. 1930இல் திருகிக் கழற்றும் லென்ஸுடன் லைக்கா வெளிவந்தாலும், மவுண்ட்டின் முகப்பிலிருந்து ஃபிலிம் வரையுள்ள இடைவெளி கேமராவுக்குக் கேமரா சிறிதளவு வேறுபட்டதால், ஒவ்வொரு லென்ஸும் ஒரு குறிப்பிட்ட பாடிக்கென்றே சரிசெய்யப்பட்டு, அந்தப் பாடியின் வரிசை எண்ணின் கடைசி இலக்கங்கள் அதில் பொறிக்கப்பட்டன. மறு ஆண்டே அந்த இடைவெளி 28.8 மில்லிமீட்டர் என நிலைப்படுத்தப்பட்டு, அதற்கு அடையாளமாக மவுண்ட்டில் சுழியம் பொறிக்கப்பட்டது. எந்த லென்ஸும் எந்தப் பாடியிலும் பொருந்தும் என்ற உறுதி அப்போதுதான் பிறந்தது. ஒரு பாடியையும் ஒரு லென்ஸையும் வாங்கிவிட்டு, மற்றவற்றைக் காலப்போக்கில் சேர்த்துக்கொள்ளும் வழக்கத்துக்கும் அதுவே அடித்தளமிட்டது.

லென்ஸ் வழியே வரும் காட்சியைச் சாய்ந்த கண்ணாடியொன்றால் மேலே திருப்பிக் காட்டும் எஸ்.எல்.ஆர். வகைக் கேமராவில், படமெடுக்கும் கணத்தில் அக்கண்ணாடி எழும்ப இடம் தேவைப்பட்டதால், இந்த இடைவெளி அதிகமாயிற்று. டிரெஸ்டனில் 1936இல் தயாரான கினே எக்சாக்டா இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. 1949இல் வெளிவந்த கான்டாக்ஸ் எஸ், பிராக்டிகா ஆகியவற்றில் அமைந்த 42 மில்லிமீட்டர் விட்டமுள்ள திருகு மவுண்ட்டைப் பின்னர் ஜப்பானின் பென்டாக்ஸும் சோவியத் ஒன்றியத்தின் ஜெனிட்டும் ஏற்றுக்கொண்டமையால், பொருள்வசதி குறைந்த ஒரு தொடக்கநிலையாளர் ஒரு நாட்டின் பாடியில் மற்றொரு நாட்டின் லென்ஸைப் பொருத்திப் பழகும் வாய்ப்பைப் பெற்றார். 1976இல் வெளிவந்து இரண்டு பத்தாண்டுகளுக்கு மேல் விற்பனையான பென்டாக்ஸ் கே1000, திருகுக்குப் பதிலாகச் சற்றே சுழற்றிப் பூட்டும் கே மவுண்ட்டைக் கொண்டிருந்தது. அதில் மின்கலம் ஒளிமானியின் முள்ளை அசைக்க மட்டுமே பயன்பட்டது; ஷட்டர் வேகத்தையும் லென்ஸின் துளையளவையும் கையால் மாற்றி முள்ளை நடுவே நிறுத்துவதே பயிற்சி என்பதால், புகைப்படக் கல்வி பயின்ற மாணவர்கள் பலருக்கு அதுவே முதல் கேமராவாயிற்று.

1985இல் மினோல்டா 7000 தானியங்கிக் குவியத்தைப் பாடிக்குள்ளேயே கொண்டுவந்தபின், முன்பே செய்த தேர்வுகளின் பலன் வெவ்வேறாகப் பிரிந்தது. 1987இல் ஈ.ஓ.எஸ். வரிசையைத் தொடங்கிய கேனான், தனது பழைய எஃப்.டி. மவுண்ட்டைக் கைவிட்டு முற்றிலும் மின்னணு முறையிலான ஈ.எஃப். மவுண்ட்டுக்கு மாறியது. பழையதன் இடைவெளி 42 மில்லிமீட்டராகவும் புதியதன் இடைவெளி 44 மில்லிமீட்டராகவும் இருந்தமையால், எஃப்.டி. லென்ஸை வெறும் இணைப்பு வளையத்தின் மூலம் புதிய பாடியில் பொருத்தினால் தொலைவிலுள்ள பொருள் தெளிவாக விழவில்லை. அந்த 2 மில்லிமீட்டர் வேறுபாடு, பல ஆண்டுகளாகச் சேர்த்த லென்ஸ்களைப் புதிய வரிசைக்கு உதவாதவை ஆக்கியது. நிக்கானோ 1959இல் தொடங்கிய எஃப் மவுண்ட்டையே தொடர்ந்தது. எனினும், 2006இல் தொடக்கநிலையாளர்களுக்காக வந்த டி40 மாதிரியில் குவிய மோட்டார் இல்லாததால், பாடியின் மோட்டாரை நம்பியிருந்த பழைய லென்ஸ்களை அதில் கையால்தான் குவியப்படுத்த வேண்டியிருந்தது. மவுண்ட் பொருந்தினால் எல்லா வசதியும் கிட்டும் என்ற எண்ணம் முழு உண்மையன்று என்பதற்கு இது தக்க சான்று.

இதற்கிடையே 2003இல் 1,000 டாலருக்குக் குறைவான விலையில் கேனான் 300டி வெளிவந்து, டிஜிட்டல் எஸ்.எல்.ஆரைப் பொதுமக்களுக்கு எட்டச்செய்தது. அதனுடன் வழங்கப்பட்ட 18-55 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸ், ஃபிலிம் சட்டத்தைவிடச் சிறிய உணரிக்கென வடிவமைக்கப்பட்டதால், முழுச்சட்ட உணரி கொண்ட கேனான் எஸ்.எல்.ஆர். பாடிகளில் பொருந்தாது. உணரியின் அளவும் மவுண்ட்டைப் போலவே எதிர்காலத் தேர்வுகளைக் கட்டுப்படுத்தும் என்பது அக்காலத்தில் உருவான புதிய பாடம்.

2008இல் பானசோனிக் ஜி1 தொடங்கிவைத்த மிரர்லெஸ் வகையில் கண்ணாடியே நீக்கப்பட்டதால், இடைவெளி மீண்டும் குறுகியது. சோனியின் ஈ மவுண்ட்டில் அது 18 மில்லிமீட்டர். 2018இல் வந்த நிக்கான் இசட் மவுண்ட்டில் 16, கேனான் ஆர்.எஃப். மவுண்ட்டில் 20. எஞ்சிய தொலைவை ஒரு வெற்று வளையத்தால் நிரப்ப முடிவதால், 1987இல் கைவிடப்பட்ட எஃப்.டி. லென்ஸ்கள் உட்படப் பழைய லென்ஸ்கள் பலவும், கையால் குவியப்படுத்தும் நிலையிலேனும், மீண்டும் பயனுக்கு வந்துள்ளன.

ஆகவே, முதல் கேமராவைத் தேர்ந்தெடுப்பவர், தாம் எடுக்க விரும்பும் படங்களுக்குரிய லென்ஸ்கள் எந்த மவுண்ட்டில், தமக்குக் கட்டுப்படியாகும் விலையில், புதிதாகவோ பழையதாகவோ கிடைக்கின்றன என்பதை முதலில் ஆராய்ந்து, அதன் பின்னரே பாடியைப் பற்றிச் சிந்திப்பது நன்று. பாடி சில ஆண்டுகளில் மாற்றப்படும். நன்கு தேர்ந்த லென்ஸ் பல பாடிகளைக் கடந்தும் பயன்தரும்.