சோழமண்டலக் கரையிலே நான்கு நாள்

பெங்களூர் காக்ஸ் டவுனில் வாழும் தமிழர்க்குக் கடற்கரைப் பிரயாணம் என்றால் மேற்குக் கரையே முதலில் நினைவுக்கு வருகின்றது. விடுமுறை நான்கு நாள் சேர்ந்து வந்தால் கோகர்ணம், கார்வார், மங்களூர் என்று புறப்பட்டு விடுகின்றோம். அக்கரையின் அழகு ஐயத்திற்கு இடமில்லாதது. ஆயினும், நம் முன்னோர் பெயர் சொல்லி வாழ்ந்த கிழக்குக் கரையை நம் பிள்ளைகள் வரைபடத்திலே மட்டும் அறிவது வருந்தத்தக்கது. உறவினர் வீட்டுத் திருமணத்திற்கும், குலதெய்வத்தின் பொங்கலுக்கும் சென்று திரும்புவதோடு தாய்நாட்டு உறவு முடிந்து விடுதல் கூடாது. ஆதலின், புதுச்சேரி முதல் நாகப்பட்டினம் வரை நான்கு நாளிற் கண்டு திரும்பக்கூடிய ஒரு யாத்திரையை இங்கே எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இப்பகுதியில் மழையும் புயலும் மிகுதி. பொங்கலுக்குப் பின் பங்குனி வரையிலுள்ள காலமே ஏற்றது. பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரியை அடையலாம். அங்கிருந்து தெற்கு நோக்கிக் கடலை இடப்புறமாகக் கொண்டு செல்வதே வழி.

இக்கரையின் சரித்திரத்தை அறிய விரும்புவோர் முதலில் அதன் இயற்கையை அறிதல் வேண்டும். மேற்குக் கரையைப் போலக் கப்பல் ஒதுங்கும் குடாக்கள் இங்கு இல்லை. கரையை ஒட்டி ஆழமும் இல்லை. பெரிய கப்பல்கள் கடலிலேயே தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கும் மனிதரும் படகேறிக் கரை சேர்வர். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகளே அலையின் மோதலைத் தாங்கின. ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரமே துறைமுகம். ஆனால் அந்த ஆறே மணலைக் கொண்டுவந்து நிரப்பித் துறையைத் தூர்த்தும் விடும். ஒரு துறை தூர்ந்தால் வணிகர் மற்றொரு துறைக்குப் பெயர்ந்தனர். இக்கரை நெடுகிலும் பட்டினங்கள் எழுந்து மறைந்தமைக்கு அரசர்களின் போர் ஒரு காரணம். ஆற்று மணல் மற்றொரு காரணம்.

முதல் நாள் அரிக்கமேட்டில் தொடங்குவோம். புதுச்சேரிக்குத் தெற்கே சுமார் 4 கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கின்றது இம்மேடு. 1945-இல் மார்டிமர் வீலர் இங்கே அகழ்ந்தார். பின்னர் பிரெஞ்சு அறிஞர் கஸால் என்பாரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையாரின் குழுவினரும் ஆய்வைத் தொடர்ந்தனர். இத்தாலி நாட்டு அரெட்டைன் மட்கலங்களின் துண்டுகள், திராட்சை மதுவும் ஒலிவ எண்ணெயும் நிரப்பி வந்த இருபிடிச் சாடிகள், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள், நிறந்நிறமான மணிகள் ஆகியவை கிடைத்தன. கிரேக்க மாலுமி ஒருவர் எழுதி வைத்த கடல்வழிக் குறிப்பில் காணும் பொதுகே என்ற துறை இதுவே என்பது அறிஞர் பலர் கருத்து. இன்று அங்குச் செல்வோர் மாந்தோப்பும் பிற்காலத்துச் சிதைந்த செங்கற் சுவர்களுமே காண்பர். ஆதலின், முதலில் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் இப்பொருள்களைப் பார்த்த பின்னரே மேட்டிற்குச் செல்வது நலம்.

இரண்டாம் நாள் கடலூர். தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1690-இல் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். கோட்டையோடு எவ்வளவு நிலம் என்ற கேள்விக்கு விடையளித்தது ஒரு பீரங்கி. கோட்டையிலிருந்து நாற்புறமும் சுட்ட குண்டு எவ்வளவு தூரத்தில் விழுந்ததோ, அவ்வளவும் கம்பெனிக்குச் சொந்தம் என்பது உடன்படிக்கை. அவ்வாறு அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வழங்கலாயிற்று. அவ்வூரார் விற்றவருமல்லர், வாங்கியவருமல்லர். உழுதுகொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவனுடைய அரசு மாறிவிட்டது! 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமான போது, தென்னாட்டு ஆங்கில ஆட்சிக்கு இதுவே தலைமையிடமாயிற்று. 1758-இல் லாலி என்னும் பிரெஞ்சுத் தளபதி இதைக் கைப்பற்றித் தகர்த்தார். கெடிலம் ஆற்றருகே எஞ்சி நிற்கும் சுவர்கள் சிலவே.

கடலூருக்குத் தெற்கே வெள்ளாற்றின் முகத்தில் பறங்கிப்பேட்டை. போர்ச்சுக்கீசியர் இதனைப் புதிய துறைமுகம் என்னும் பொருளில் போர்ட்டோ நோவோ என்றனர். முஸ்லிம் வணிகர் மகமூது பந்தர் என்றனர். உள்ளூரார் வந்தவரின் பெயராலேயே பறங்கிப்பேட்டை என்றனர். காக்ஸ் டவுன்வாசிகளுக்கு இவ்வூர் அயலூரன்று. 1781 ஜூலை 1-ஆம் நாள் மைசூரின் ஹைதர் அலியும், சென்னைப் படையை நடத்திய அயர் கூட்டும் இங்கேதான் பொருதனர். தன் படை மிகப் பெரிதாயிருந்தும் ஹைதர் பின்வாங்க நேர்ந்தது. பெங்களூர்க் கோட்டையைக் கல்லால் வலுப்படுத்தியவர் இதே ஹைதர். கூட்டின் அணியில் நின்ற சிப்பாய்களோ பெரும்பாலும் தமிழும் தெலுங்கும் பேசியவர். 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. 1809-இல் சென்னைப் படைக்குப் பெங்களூரிலே கண்டோன்மெண்டு அமைந்தது. படையின் பின்னே வண்ணாரும், தையற்காரரும், கொத்தரும், வணிகரும் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறினர். அக்கண்டோன்மெண்டின் விரிவே காக்ஸ் டவுன். அதன் பெயரும் ஓர் ஆங்கிலக் கலெக்டரை நினைவூட்டுவதே. இன்று நாம் அங்கு வாழ்வதன் வேர்களில் ஒன்று வெள்ளாற்று மணலிலே கிடக்கின்றது என்றால் மிகையாகாது.

அன்று மாலை பிச்சாவரம் செல்லலாம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, உப்பங்கழிகளில் அடர்ந்த சுரபுன்னைக் காடு அது. வேர்கள் நீருக்கு மேலே வளைந்து நிற்க, அவற்றினூடே படகில் செல்வது பிள்ளைகளுக்குப் பேரானந்தம். இராத் தங்குவதற்குச் சிதம்பரம் வசதியானது.

மூன்றாம் நாள் காவிரி கடலோடு கலக்கும் பூம்புகார். எதிர்பார்ப்புடன் செல்வோர்க்கு இங்கே ஓர் ஏமாற்றம் உண்டு. சிலப்பதிகாரத்து மாடமாளிகைகளைத் தேடிச் சென்றால், மெலிந்த ஆறும், மீனவர் குப்பமும், 1973-இல் திறக்கப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடமுமே கண்ணிற்படும். ஆனால் அருகேயுள்ள கீழையூரில் இந்தியத் தொல்லியல் துறையினர் 1960-களில் அகழ்ந்தபோது செங்கல்லாலான படகுத் துறையொன்று வெளிப்பட்டது. படகு கட்டிய மரத்தூண்களும் கிடைத்தன. பல்லவனீச்சரத்திலே பௌத்த விகாரத்தின் அடித்தளம் காணப்பட்டது.

இப்பட்டினத்தின் செல்வத்தைப் பாடிய பட்டினப்பாலை, அதன் ஏற்றுமதி இறக்குமதிகளை அடுக்கிச் சொன்னதோடு நிற்கவில்லை. பல மொழி பேசும் நாடுகளிலிருந்து பெயர்ந்து வந்த மக்கள் இங்கே ஒருவரோடொருவர் கலந்து இனிதாக வாழ்ந்தனர் என்பதையும் ஊரின் சிறப்புகளுள் ஒன்றாகக் கூறுகின்றது. கடைத்தெருவிலே கன்னடமும், தெலுங்கும், உருதுவும், மலையாளமும் காதில் விழ, தமிழ் பேசி வாழும் நமக்கு இதன் அருமை விளங்கும். வேற்றூரில் குடியேறி வாழ்பவன் இரவல் வாழ்வு வாழ்கின்றான் என்ற ஓர் எண்ணம் நம்மிற் சிலருக்கு உண்டு. வந்தவரையும் இருந்தவரையும் சேர்த்தே ஊர் என்று எண்ணியது நம் பழைய இலக்கியம். அன்று நாம் வரவேற்றவர், இன்று வந்தவர். இரண்டு நிலையிலும் கடமை உண்டு: வந்த ஊரின் மொழியைக் கற்பதும், வந்தவரை மதிப்பதும்.

பூம்புகாருக்குத் தெற்கே தரங்கம்பாடி. 1620 நவம்பரில் தஞ்சை இரகுநாத நாயக்கர் டென்மார்க்கு அரசரோடு உடன்படிக்கை செய்து, டேனியருக்கு இங்கே இடமளித்தார். தங்கத் தகட்டில் எழுதி டேனிய மன்னருக்கு அவர் அனுப்பிய ஓலை கோபன்ஹேகனைச் சேர்ந்தது. கடலை நோக்கி நிற்கும் டான்ஸ்போர்க் கோட்டை அவ்வுடன்படிக்கையின் விளைவே. அதனுள்ளே அருங்காட்சியகம் உண்டு. 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் தமிழ் கற்று, அச்சுக்கூடம் அமைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் 1715-இல் வெளியிட்டார். தமிழ் எழுத்து அச்சேறியது 1578-இலேயே கொல்லத்தில் நிகழ்ந்துவிட்டது என்றாலும், புதிய ஏற்பாடு இந்திய மண்ணிலே தமிழில் அச்சானது புதுமை. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எமக்கு, 1718-இல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தில் அவருடைய கல்லறை முன் நிற்பது தனியொரு அனுபவமாகும். 1845-இல் டேனியர் இவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்றனர்.

கோட்டைக்கு அருகிலேயே மாசிலாமணிநாதர் கோயிலைக் காணத் தவறலாகாது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. அதன் கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்கின்றது. கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டு போயிற்று. கருங்கற்களைக் கொட்டி அலையைத் தடுத்திருக்கின்றார்கள். இக்கரையிலே பார்க்க வேண்டியவற்றை விரைந்து பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

நான்காம் நாள் காரைக்காலைக் கடந்து நாகூர், நாகப்பட்டினம். நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் தர்காவில் உள்ள ஐந்து மினார்களில் மிக உயர்ந்ததைக் கட்டுவித்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். நாகையிலோ, ஸ்ரீவிஜய நாட்டு மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரத்திற்கு, சைவரான முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அளித்தான். அச்செய்தியைக் கூறும் செப்பேடுகள் ஒல்லாந்தர் காலத்தில் கடல் கடந்து சென்று, லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் பெற்றன. விகாரத்தின் எஞ்சிய கோபுரம் 1867-இல் இடிக்கப்பட்டது.

நிற்க. இக்கரையின் சரித்திரம் பெருமை மட்டுமன்று. விகாரத்திற்குக் கொடையளித்த சோழர் குலமே 1025-ஐ ஒட்டி ஸ்ரீவிஜயத்தின் மீது படையெடுத்தது. 17-ஆம் நூற்றாண்டுப் பஞ்சங்களின் போது பசித்தவரை ஒல்லாந்தர் அடிமைகளாக வாங்கிக் கப்பலேற்றினர். 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ரியூனியன், மார்ட்டினிக், குவாடலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் சென்றனர். சென்னையிலிருந்து நாகை வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரஜூலா என்னும் கப்பல் 1970-களின் தொடக்கம் வரை ஆளேற்றிச் சென்றது. அதிலே ஏறியவர் யாவரும் திரும்பி வரவில்லை. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, தமிழ்நாட்டில் மிகுதியான உயிர்களை இழந்ததும் நாகை மாவட்டமே.

ஆகவே, இப்பிரயாணத்தை வெறும் உல்லாசமாகக் கொள்ளாமல், ஒவ்வோர் ஊரிலும் ஒரு நாழிகையேனும் நின்று, இவ்வூருக்கு யார் வந்தார்கள், இங்கிருந்து யார் சென்றார்கள் என்ற இரண்டு வினாக்களைப் பிள்ளைகளிடம் கேட்குமாறு நேயர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். திரும்பி வந்தபின் நாம் குடியிருக்கும் தெருவைப் பற்றியும் அவ்வினாக்களை அவர்கள் தாமே கேட்பார்கள். தாத்தா எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், என்ன வேலைக்காக இங்கு வந்தார் என்று அவர்கள் கேட்கும்போது சொல்வதற்கு நம்மிடம் விடை இருத்தல் வேண்டும். அதை அறிந்த முதியோர் நம் வீடுகளில் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நன்று.