உரையாசிரியர் மேற்கோளும் நூற்பெயரும்

ஆய்வுக் கட்டுரைகளில் 'என்பர் அறிஞர்' என்று மட்டுங் கூறி மேற்கோளை முடித்துவிடும் வழக்கம் பெருகி வரக் காண்கிறோம். பழைய உரையாசிரியர் நெறியே இதுவென வாதிடுவாரும் உளர். அவ்வாதம் பொருந்துமா என ஆராய்வோம்.

நச்சினார்க்கினியர் உரையுடன் சீவக சிந்தாமணியை உ. வே. சாமிநாதையர் 1887-இல் பதிப்பித்தார். அப்பணியில் அவரைப் பெரிதும் அலைக்கழித்தவை உரையிடை வரும் மேற்கோள்களே. உரையாசிரியர் ஓரடியைக் காட்டி, 'என்றார் பிறரும்' என முடிப்பார். அப்பிறர் யாவர், நூல் யாது எனக் கூறார். அவர் காலத்து மாணாக்கர்க்கு அது கூற வேண்டுவதன்று. அடியைக் கேட்ட அளவிலே நூல் நினைவில் எழும். பன்னூறாண்டு கழிந்து, சங்க நூல்கள் ஏட்டளவில் ஒதுங்கிக் கிடந்த காலத்திலோ அக்குறிப்புப் பயன்படவில்லை. எட்டுத்தொகை ஏடுகளைத் தேடிப் பயின்ற பின்னரே அவ்வடிகள் பலவற்றின் இடம் ஐயர்க்குப் புலனாயிற்று. இன்று கட்டுரை எழுதுவார்க்கு அத்தகைய மாணாக்கர் கூட்டமும் இல்லை.

நூலே மறைந்தவிடத்து நேரும் இழப்பு இதனினும் பெரிது. வளையாபதியில் நமக்குக் கிடைப்பன 72 செய்யுட்கள். அவற்றுள் 66 புறத்திரட்டு என்னும் தொகைநூல் வழி வந்தவை. தொகுத்தவர் நூற்பெயரைக் குறித்துச் சென்றமையாலன்றோ அவை வளையாபதியின எனத் தெளிந்தோம்? மயிலை சீனி. வேங்கடசாமி 1959-இல் 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்னும் நூலை வெளியிட்டதற்கும் இத்தகைய பெயர்க்குறிப்புக்களே பெருந்துணை. பெயரற்ற செய்யுட்களை ஓசையும் பொருளுங் கொண்டு இன்ன நூலின எனத் துணிவாரும் உளர். அத்துணிபு ஐயத்தின்பாற் பட்டதே என்பது நம் கருத்து. யாப்பருங்கல விருத்தியில் அங்ஙனம் பெயரின்றி நிற்கும் உதாரணச் செய்யுட்கள் மிகப் பல. அவை எந்நூலின என்பதை விருத்தியாசிரியர் அறிந்திருப்பார், நாம் அறியோம்.