வெள்ளி–கிரௌன் ஈதர் அணைவுச் சேர்மங்களின் நுண்ணுயிர் எதிர்ப்புத் திறன்

வெள்ளி அயனியை வளைய வடிவ ஈதர் மூலக்கூறில் பிடித்துவைத்து, நுண்ணுயிர்களுக்கு எதிராக ஏவும் சேர்மங்கள் இவை. கிருமியைக் கொல்வது வெள்ளி அயனி. எவ்வளவு நேரம், எவ்வளவு வேகமாகக் கொல்லும் என்பது அதைப் பிடித்திருக்கும் மூலக்கூறின் கையில் இருக்கிறது.

வெள்ளிப் பாத்திரத்தில் கரும்பூஞ்சை வளர மறுப்பதை 1869-இல் பிரெஞ்சு அறிஞர் ரோலின் பதிவு செய்தார். 1880-இல் லைப்சிக் நகர மருத்துவர் கிரெடே, பிறந்த குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் சொட்டு விட்டு, பார்வையைப் பறிக்கும் தொற்றைத் தடுத்தார். தீப்புண்ணுக்கு இன்றும் தடவப்படும் வெள்ளி சல்ஃபாடயசின் 1968-இல் வந்தது. வெள்ளி அயனி, பாக்டீரியாவின் புரதங்களில் உள்ள கந்தகத்தைப் பற்றிக்கொண்டு அதன் சுவாச நொதிகளை முடக்குகிறது.

தனித்து விடப்பட்ட அயனிக்குக் குளோரைடுதான் எமன். எளாவூரை அடுத்த பழவேற்காடு ஏரியின் உவர்நீரில் சில சொட்டு வெள்ளி நைட்ரேட் கரைசல் விட்டால், நீர் பால்போல் வெளுக்கும்; தயிர்த் திப்பி போல வெள்ளி குளோரைடு அடியில் தங்கும்; வெயில் பட்டால் கருக்கும். புண்ணில் கசியும் நீரிலும் குளோரைடு உண்டு.

எனவே அயனியைக் குளோரைடிடமிருந்து காக்க, அதைப் பிடித்துவைக்கும் மூலக்கூறு வேண்டும். கிரௌன் ஈதர் எனப்படும் அத்தகைய வளைய மூலக்கூறுகளைப் பற்றி டூபாண்ட் நிறுவனத்தின் சார்லஸ் பெடர்சன் 1967-இல் வெளியிட்டார். 1987-இல் வேதியியலாளர்களான கிராம், லேன் இருவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்தார். வளையத்தின் உட்புற ஆக்சிஜன்கள் அயனியைப் பிடிக்கின்றன. கொழுப்போடு ஒட்டும் வெளிப்புறம், செல்லின் கொழுப்புச் சவ்வைக் கடக்க உதவுகிறது. ஆக்சிஜனுக்குப் பதில் கந்தகத்தை வைத்தால் பிடி இறுகும். இறுகினால் நல்லதென்று தோன்றும். ஆனால் ஜப்பானின் கெஞ்சி நோமியா குழு வெவ்வேறு வெள்ளிச் சேர்மங்களை ஒப்பிட்டபோது, நைட்ரஜனோடும் ஆக்சிஜனோடும் தளர்வாகப் பிணைந்த வெள்ளியே பலவகை நுண்ணுயிர்களை அடக்கியது. கந்தகத்தோடு பிணைந்ததன் வீச்சு குறுகியது. கிரௌன் ஈதர் பொட்டாசியத்தையும் பிடிப்பதால் மனித செல்லுக்கும் ஊறு செய்யும். மருந்தாவதற்கு இதுவே பெரிய தடை.

அயனியை மெல்ல விடுவிக்கும் அதே சிக்கலுக்கு, குடிநீரைச் சுத்திகரிக்கும் பணியில் சென்னை ஐஐடியின் த. பிரதீப் குழு வேறு விடை கண்டது. குடிநீரின் உப்புகள் வெள்ளித் துகள்மேல் படிந்து, அயனி வெளியேறும் வழியை அடைத்துவிடும். 2013-இல் வெளியான ஆய்வில், இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசனையும் அலுமினியச் சேர்மத்தையும் சேர்த்த குருணைக்குள் வெள்ளி நுண்துகள்கள் பதிக்கப்பட்டன. லிட்டருக்கு ஏறத்தாழ 40 மைக்ரோகிராம் என்ற சீரான அளவில் அயனி கசிந்தது. அது குடிநீருக்கான 100 மைக்ரோகிராம் வரம்புக்குள் அடங்குவதால், நீரிலிருந்து வெள்ளியை மீண்டும் பிரிக்கத் தேவை எழவில்லை.