மாஸி ஹால் 1953: கச்சேரிப் பதிவின் மூலமும் மிங்கஸின் திருத்தப் பாடமும்

1953 மே 15 அன்று டொரன்டோவின் மாஸி ஹாலில் சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி, பட் பவெல், சார்லஸ் மிங்கஸ், மாக்ஸ் ரோச் ஆகிய ஐவரும் சேர்ந்து வாசித்த பீபாப் பாணி ஜாஸ் கச்சேரியைப் பற்றி எழுதியவர்கள் பலர். அவர்கள் எல்லாருக்கும் முன்பே அதற்கு விளக்கம் தந்துவிட்டவர், அன்று மேடையில் பாஸ் வாசித்த மிங்கஸ். அவர் அதை எழுத்தில் தரவில்லை. ஒலிநாடாவில் தம் பாஸ் சரியாக விழவில்லை என்று கண்டு, கச்சேரிக்குப் பின் நாடாவை ஓடவிட்டு அதன்மேல் புதிதாக வாசித்துச் சேர்த்தார். பல பத்தாண்டுகள் உலகம் பெரும்பாலும் கேட்டு வியந்தது இந்தத் திருத்தப் பாடத்தைத்தான். மேற்பதிவு இல்லாத மூலம் குறுந்தட்டுக் காலத்தில்தான் பரவலாகக் கிடைத்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டபின், மிங்கஸின் முடிவோடு என்னால் உடன்பட முடியவில்லை. ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரை.

பின்னணி பலரும் அறிந்தது. டொரன்டோவின் நியூ ஜாஸ் சொசைட்டி ஏற்பாடு செய்த நிகழ்ச்சி. அரங்கில் பெரும்பகுதி காலி. அன்றிரவே சிகாகோவில் ராக்கி மார்சியானோவும் ஜெர்சி ஜோ வால்காட்டும் மோதிய குத்துச்சண்டைதான் கூட்டத்தை இழுத்துவிட்டது என்று திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. அந்தச் சண்டை முதல் சுற்றிலேயே, 2 நிமிடம் 25 விநாடியில் முடிந்தது. அதை எதிர்பார்த்து மக்கள் வீட்டில் தங்கியிருக்கலாம். ஆனாலும் காலி இருக்கைகள் அத்தனைக்கும் அது ஒன்றே காரணம் என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. வசூல் போதாமல் கலைஞர்களின் சம்பளம் சிக்கலானது. தமக்குத் தந்த காசோலை திரும்பி வந்ததைக் கில்லெஸ்பி பின்னாளிலும் மறக்கவில்லை. இந்நிலையில் கச்சேரியின் நாடா மிங்கஸ் கைக்கு வந்தது. முந்தைய ஆண்டுதான் அவரும் ரோச்சும் டெபியூ என்ற சொந்த இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார்கள். அதன் பெயரில் பத்து அங்குலத் தட்டுகளாகக் கச்சேரி வெளிவந்தது. வேறு நிறுவனத்துடன் ஒப்பந்தம் இருந்ததால் பார்க்கரின் பெயர் அட்டையில் ‘சார்லி சான்’ என்று அச்சானது. சான் என்பது அவர் மனைவியின் பெயர். ஆக, தட்டு வெளிவந்த நாளிலேயே அதில் ஒரு பெயரும் ஒரு வாத்தியமும் மாற்றப்பட்டிருந்தன. பெயர் மாற்றத்தை எல்லாரும் உடனே கண்டுகொண்டார்கள். வாத்திய மாற்றம் அப்படி எளிதில் பிடிபடவில்லை.

மேற்பதிவு நடந்த முறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித் தடத்தில் பதிந்து பிறகு கலக்கும் வசதி அன்றைய ஒலிப்பதிவுக் கூடங்களில் வழக்கத்தில் இல்லை. ஓர் இயந்திரத்தில் பழைய நாடா ஓடும். அதைக் கேட்டபடியே கலைஞர் வாசிப்பார். இரண்டும் சேர்ந்து இன்னோர் இயந்திரத்தில் புதிய நாடாவாகப் பதியும். இதில் இரண்டு விளைவுகள் உண்டு. முதலாவது, நகலெடுக்கும்போது மூல ஒலியின் கூர்மை கொஞ்சம் குறைந்து இரைச்சல் கூடும். புதிய பாஸ் தெளிவாகக் கேட்பதற்காக மற்ற நால்வரும் ஒரு படி பின்னே போகிறார்கள். இரண்டாவது, எனக்கு முக்கியமானது: மேடையில் வாசிக்கும் மிங்கஸுக்கு அடுத்த நொடியில் பார்க்கர் எங்கே திரும்புவார் என்பது தெரியாது. கூடத்தில் வாசிக்கும் மிங்கஸுக்கு எல்லாம் தெரியும். பவெல் எந்த இடத்தில் இடைவெளி விடுவார், ரோச் எந்த அடியில் பெரிய டிரம்மை உதைப்பார், கில்லெஸ்பி எப்போது உச்சஸ்தாயிக்கு ஏறுவார் என்பதெல்லாம் முன்பே காதில் விழுந்தவை. பீபாப்பின் உயிரே ஒருவர் வீசியதை மற்றவர் அந்தக் கணத்திலேயே பிடிப்பதில் இருக்கிறது. முடிவு தெரிந்தபின் வாசித்த பாஸ் எவ்வளவு அருமையாக இருந்தாலும் அதை மூலத்தின்மேல் எழுதிய உரையாகவே கொள்ள வேண்டும். மூலத்துக்குள்ளேயே கலந்துவிட்ட உரையைப் பிரித்தெடுக்காமல் மூலத்தைப் பற்றிப் பேசுவது சரியான ஆய்வாகாது.

மூல நாடாவில் பாஸ் மங்கலாகவே கேட்கிறது; மிங்கஸின் குறையில் உண்மை இருந்தது. ஆனால் அந்தக் குறை ஒன்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது. பீபாப்புக்கு முந்தைய ஸ்விங் காலத்தில் பெரிய டிரம்மின் நான்கு அடிகளில் ஊன்றியிருந்த தாளத்தை, டிரம்ஸ் கலைஞர் கென்னி கிளார்க் முதலியோர் 1940களில் ரைடு சிம்பலுக்கு ஏற்றிவிட்டார்கள். காலும் இடக்கையும் குறுக்கே பேசும் சுதந்திரம் அப்படித்தான் டிரம்ஸுக்கு வந்தது. பீபாப் வரலாற்றில் எல்லாரும் எழுதும் இந்தச் செய்தியை, மாஸி ஹால் மூலத்தில், குறிப்பாக டென்சில் பெஸ்ட் இயற்றிய ‘வீ’ என்ற வேகமான உருப்படியில், நேரடியாகக் கேட்கலாம். பாஸ் பின்வாங்கிய இடத்தில் ரோச்சின் சிம்பல் ஓட்டமே தரையாகிறது. அதன்மேல் பவெலின் பியானோ அடிகள் எங்கெங்கே விழுகின்றன என்பது எண்ணி எழுதும் அளவுக்குத் துலங்குகிறது. மேற்பதிவில் இதே இடத்தில் கனத்த பாஸ் நடை முன்னே வந்து, காது அதையே பிடித்துக்கொண்டு போகிறது.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு, அது வலுவானது. அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பாஸ் நன்றாகவே கேட்டிருக்கும். அதை மங்க வைத்தது ஒலிவாங்கியின் நிலை. அப்படியானால் திருத்தப் பாடம்தான் அரங்க அனுபவத்துக்கு நெருக்கமானது அல்லவா? இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஒலியின் அளவைப் பொறுத்தவரை திருத்தப் பாடம் அரங்கத்துக்கு நெருங்கியிருக்கலாம். ஆனால் அந்த அளவில் கேட்கும் சுரங்கள் அரங்கில் ஒலித்த சுரங்கள் அல்ல. மறைந்துபோன எழுத்துகள் கொண்ட கல்வெட்டில், வெட்டியவரே திரும்பி வந்து புதிய வரிகளைப் பொறித்தால், அவை அவர் கையெழுத்துதான். ஆனால் பழைய வரிகளுக்குச் சான்றாக அவற்றைக் காட்ட முடியாது.

‘சால்ட் பீனட்ஸ்’ உருப்படியை இதே கண்ணோடு பார்க்கலாம். பார்க்கரே பேசி அதை அறிமுகம் செய்கிறார். கில்லெஸ்பியின் பெயரைச் சட்டசபைப் பேச்சுபோல மிகுந்த மரியாதைச் சொற்களோடு எடுக்கிறார். பிறகு பார்க்கர் தம் ஆல்டோவில் தனி வாசிக்கத் தொடங்கியதும் கில்லெஸ்பி உருப்படியின் பெயரையே பின்னாலிருந்து கூவுகிறார். அன்று பார்க்கர் கையில் இருந்தது இங்கிலாந்தில் செய்த கிராஃப்டன் என்ற பிளாஸ்டிக் சாக்ஸஃபோன். அதன் ஒலியில் சற்றே காய்ந்த ஒரு கூர்மை உண்டு. கூவலையும் அந்தக் கூர்மையையும் வைத்து இருவருக்கும் இடையே பகை முற்றியிருந்தது என்று சிலர் கதை கட்டினார்கள். மூலத்தில் கேட்டால், கூவலுக்குக் கீழே ரோச் தாளத்தை ஒரு துளியும் தளரவிடாமல் இறுக்கிப் பிடித்திருப்பதும், பார்க்கர் அந்தக் கூச்சலைத் தாண்டித் தம் வரியை நீட்டுவதும் ஒன்றையொன்று தூண்டும் விளையாட்டாகவே படுகின்றன. இது என் செவியின் தீர்ப்பு. மனநிலைக்கு நாடாவைச் சாட்சி ஆக்க முடியாது என்பதைப் பகைக் கதை சொல்வோருக்குச் சொல்லும் அதே குரலில் எனக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

மிங்கஸ் ஏன் சேர்த்தார் என்பதில் ஆதாரம் இன்னும் மெலிது. பாஸ் விழவில்லை என்ற காரணம் மட்டும் போதும் என்பது வழக்கமான பதில். அது போதாது என்று நான் நினைக்கிறேன். அந்த நாடாவை விற்க வேண்டிய முதலாளிகளில் அவர் ஒருவர். பார்க்கர், கில்லெஸ்பி, பவெல் என்ற பெயர்கள் அட்டையில் பெரிதாக நிற்கும்போது, தம் சொந்த நிறுவனம் வெளியிடும் தட்டிலேயே தம் வாத்தியம் மட்டும் மறைந்து போவதை எந்தக் கலைஞர் பொறுப்பார்? பாஸைப் பக்கவாத்தியத்தின் நிலையிலிருந்து உயர்த்த அவர் வாழ்நாள் முழுதும் போராடியவர். பிற்கால இசையில் அவர் பாஸிலிருந்தே முழுக் குழுவையும் நடத்தினார். மாஸி ஹால் மேற்பதிவில் அந்தப் பிற்கால மிங்கஸின் குரல் முன்கூட்டியே கேட்கிறது என்பது என் கருத்து. அப்படியானால் அது 1953 மே 15 கச்சேரியின் பகுதியாக இருப்பதைவிட, மிங்கஸின் சொந்த வளர்ச்சியின் ஒரு படியாகவே மதிப்பு மிக்கது. அவருடைய படைப்பு வரிசையில் அதற்குரிய இடத்தைக் கொடுப்பது அவருக்கும் பெருமை.

மேற்பதிவு எந்த நாளில் நடந்தது என்பதை நான் குறிக்கவில்லை. கச்சேரிக்குப் பின், தட்டு வெளிவருமுன் என்ற எல்லைக்குள் நிறுத்திக்கொள்கிறேன். பத்து அங்குலத் தட்டுகள் பிறகு பன்னிரண்டு அங்குலத்துக்கு மாறின. 1973இல் பிரெஸ்டீஜ் நிறுவனம் எல்லாவற்றையும் இரட்டைத் தட்டாகத் தொகுத்து, எக்காலத்திலும் மிகச் சிறந்த ஜாஸ் கச்சேரி என்ற பொருளில் பெயரிட்டது. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஐவரும் இதே அமைப்பில் சேர்ந்து பதிவானது இந்த ஒரே இரவில்தான் என்பதால், அதைச் சுற்றிப் புகழ் குவிந்ததில் வியப்பில்லை. பார்க்கர் 1955இல் மறைந்தார். இதே ஐவரை மீண்டும் கூட்டும் வாய்ப்பு அத்தோடு போயிற்று. ஆனால் தலைப்பு புகழ்ந்தது எந்தப் பாடத்தை என்பதைக் கேட்டவர் அரிது.

மாணவர்களுக்கு இப்பதிவை அறிமுகம் செய்வோர் முதலில் மூலத்தில் ‘வீ’ உருப்படியைப் போட்டு ரோச்சின் சிம்பலை மட்டும் பின்தொடரச் சொல்லலாம். பிறகு அதே உருப்படியின் மேற்பதிவு. தட்டு விவரப் பட்டியல்களில் இரண்டையும் ஒரே நாளின் கீழ் இடாமல், மிங்கஸின் பாஸுக்குத் தனிப் பதிவு வரி கொடுக்க வேண்டும். அந்த வரியில் நாளுக்கான கட்டம் இப்போதைக்குக் காலியாக இருக்கட்டும்.